கோவர்த்தனனும் கடைசிப் பதினாறு பக்கங்களும்

கோவர்த்தனன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன்களின் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். யார் பெயர் முதலில் வருவது என்று அந்தக் குடும்பத்துக்குள் தகராறு. மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மனைவி பத்மா அக்காவிடமிருந்து போன் வந்தது. "விஜயா, காப்பி கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். நான் "சரிக்கா" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டு, மாமன்களின் பெயர்களைத் திருத்தி முடித்தேன். பத்திரிகை அடிக்க வந்தவர் கிளம்பிய பிறகுதான் அழுதேன்.

காமராசர் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே அவருடைய உறவுக்காரப் பெண்கள் தங்கள் சௌராஷ்டிர மொழியில் அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உங்களில் பலரைப் பார்த்தேன். நானும் அவரும் நடத்திய புத்தக இணையதளத்தின் வாசகர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், இரண்டு டாக்டர்கள். சாவு வீட்டில் எப்போதும் நடப்பதுபோல, கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு அவருடைய வேடிக்கைகள் பக்கம் திரும்பியது. "அம்புட்டு புத்தகத்தப் பத்தி எழுதுன மனுசன், படிக்காமலே எழுதி மாட்டுனது ஒரே ஒரு தடவைதான்" என்று ஒருவர் சொன்னார். "கடைசிப் பாரம் கோவர்த்தனன்" என்று இன்னொருவர் அந்தப் பழைய பட்டப்பெயரைச் சொல்ல, அழுத கண்ணோடு எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். இதே விஷயத்தில் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். இரண்டாவது தடவையும் மூடிக்கொண்டு வந்தது பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவர்த்தனன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கழுத்தில் டை, கையில் தோல் பை, பையில் பாதி மாத்திரை, பாதி புத்தகம். சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர், திருவாதவூர் என்று அவருடைய மோட்டார் சைக்கிள் போகாத ஊர் இல்லை. டாக்டரைப் பார்க்க மருந்துக்காரர் காத்திருந்துதான் ஆகவேண்டும். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காத்திருப்பில் படித்துப் படித்தே அவர் அப்படிப்பட்ட வாசகர் ஆனார். தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த கம்ப்யூட்டர் அச்சுக்கோப்புக் கடைக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவர், மேஜையில் நான் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருந்த நாவலைப் பார்த்துவிட்டு, "மேடம், இது உங்களுக்கு ஆகாதே" என்றார். முன்பின் தெரியாத ஆள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்த நாவல் எனக்கு ஆகாமல்தான் நாற்பது பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

மூன்றாம் நாளிலிருந்து நான் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் கடைசிவரை மேடத்தை விடவில்லை. தொழில் பழக்கம்.

இணையதளம் என்ற யோசனை என்னுடையது. அப்போதுதான் கடைக்கு டெலிபோன் வழியாக இன்டர்நெட் வாங்கியிருந்தேன். எங்கோ அமெரிக்காவில் ஒரு கம்பெனி இலவசமாக இடம் கொடுத்தது. புதுப் புத்தகங்களைப் பற்றி எழுதி அதில் போடலாம் என்றேன். அவர் ஒரு படி மேலே போனார். படிக்கிறவர் தனக்குப் பிடித்த மூன்று புத்தகங்களை எழுதி அனுப்பட்டும், அடுத்து என்ன படிக்கலாம் என்று நாம் சொல்வோம் என்றார். அப்படித்தான் தொடங்கியது. எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் வெறும் கோழிக்கிறுக்கல்தான் தெரியும். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து முதல் கடிதம் வந்த அன்று அவர் கடையில் இருந்த எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

அவர் எழுதும் முறையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கம்பெனி இலவசமாகத் தரும் சீட்டுப் புத்தகத்தில்தான் எழுதுவார். ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு தாள். அடியில் ஏதாவது ஒரு இருமல் மருந்தின் பெயர் இருக்கும். முதலில் கதை எதைப் பற்றியது. முடிவை மட்டும் சொல்லவே கூடாது. அடுத்தது யாருக்கு ஆகும். கடைசியில் யாருக்கு ஆகாது. இந்தக் கடைசி வரியில்தான் எங்களுக்கு முதல் சண்டை வந்தது. வாங்க நினைக்கிறவனை நாமே விரட்டலாமா என்று கேட்டேன். "யாருக்கு ஆகாதுன்னு சொல்லாமக் குடுத்தா அது மருந்து இல்ல மேடம், மிட்டாய்" என்றார். எழுதியவர் பெயரின் முதல் எழுத்து கீழே வரும். அவருக்குக் 'கோ', எனக்கு 'வி'.

எடுத்துக்கொண்டு வந்த தாள்களை நான் அடித்துத் தளத்தில் ஏற்றுவேன். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்காக அச்செடுத்துக் கடைக் கதவிலும் ஒட்டுவோம். அந்தக் கதவு வாசகர்கள்தான் எங்களுக்கு உயிர். வெற்றிலைக் கூடையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், பக்கத்து ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை எல்லாரும் நின்று படிப்பார்கள். அலங்காநல்லூர் டாக்டர் ஒருவருக்கு அவர் கொடுத்த நாவல் அளவுக்கு மீறி ஆகிப்போய், ஒரு நாள் முழுக்க நோயாளிகளை உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பிறகு டாக்டர்களுக்குச் சிறுகதைத் தொகுப்புதான் என்று அண்ணன் முடிவெடுத்துவிட்டார்.

இனி என் கதை.

தளம் தொடங்கிய அடுத்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் படுக்கை. புத்தகத்தைத் தொடவே கூடாது என்று பத்மா அக்கா பையைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தளத்தில் புதிதாக எதுவும் ஏறவில்லை. 'கோ எங்கே, கோ என்ன ஆனார்' என்று கடிதங்கள் வந்தபடி இருந்தன. 'வி எங்கே' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாவல் தபாலில் வந்தது. எழுதியவர் திருவாதவூர்க்காரர், மலைச்சாமி என்று பெயர். ரைஸ்மில்லில் மேஸ்திரி வேலை. தானே அச்சடித்த முதல் புத்தகம். கிணறு வெட்டும் ஐந்து பேரின் கதை. புத்தகம் முழுக்கத் தோண்டுகிறார்கள், தண்ணீர் வருமா வராதா என்பதுதான் கேள்வி. கூடவே நான்கு பக்கத்துக்கு அவ்வளவு பணிவாக ஒரு கடிதம். எனக்கோ கல்யாண சீசன், பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடந்தது. முதல் பத்துப் பக்கம் படித்தேன். பின்னட்டையைப் படித்தேன். நல்ல மனுஷன், நல்லாத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு தாள் எழுதினேன். 'முடிவு என் கண்ணைக் கலங்க வைத்தது. கடைசிப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்' என்று கூசாமல் எழுதினேன். என் எழுத்தைப் போட்டால் யார் வாங்கப் போகிறார்கள் என்று கீழே 'கோ' என்று போட்டேன். தளத்தில் ஏற்றி, கதவில் ஒட்டி, பெருமையாக ஒரு பிரதி எடுத்து மலைச்சாமிக்கும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ராஜாங்கம் என்ற கதவு வாசகர் எழுதியிருந்தார். அதை அப்படியே தருகிறேன்: 'ஐயா, தாங்கள் சொன்ன கிணற்று நாவலை வாங்கிப் படித்தேன். என் பிரதி நூற்று நாற்பத்து நான்காம் பக்கத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிட்டது. தண்ணீர் வந்ததா என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை. தாங்கள் முடிவை இரண்டு முறை படித்திருப்பதால் தங்கள் பிரதி சரியான பிரதி. அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா?'

அலமாரியிலிருந்து எங்கள் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அதுவும் நூற்று நாற்பத்து நான்குதான். 'கடப்பாரை இறங்கிய இடத்தில் மண்ணின் நிறம்' என்று நின்றது. அடுத்தது அட்டை. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கங்களாக அச்சடித்து மடித்துத் தைப்பார்கள். அந்தப் பதினாறு பக்கத்துக்குப் பாரம் என்று பெயர். பைண்டிங்கில் கடைசிப் பாரத்தைச் சேர்க்காமலே அட்டை ஒட்டியிருக்கிறார்கள். இல்லாத பக்கங்களைப் படித்துத்தான் நான் கண்கலங்கியிருக்கிறேன்.

கார்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு காமராசர் சாலைக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார், கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கார்டை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் வீட்டு மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும். வாசல்படியில் நின்ற பத்மா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலேயே எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. தளத்தில் உண்மையை எழுதிவிடுகிறேன் அண்ணே, நான்தான் செய்தேன் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் கார்டைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"கீழ இருக்குறது என் எழுத்துதான மேடம்" என்றார் கடைசியில். "நீங்க எழுதிட்டீங்கன்னா நாளைக்கு உங்க கதவுப் பக்கம் எவனும் திரும்ப மாட்டான். ஒருத்தர் பேரு கெட்டது போதும். ரெண்டு பேரு எதுக்கு?"

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதுதான் உண்மை.

உடம்பு தேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருவாதவூர் போனார். மலைச்சாமி மில்லிலேயே இருந்தார். புருவமெல்லாம் தவிடு. நாங்கள் யார் என்று அண்ணன் சொன்னதும் ஓடி வந்து, தொட்டியில் முகம் கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான் அனுப்பிய பிரதி, நான்காக மடித்தபடி இருந்தது. "ஊருக்குள்ள முப்பது பேருக்குக் குடுத்தேன் சார். எல்லாரும் முடிவு பிரமாதம்னாங்க. ஆனா எழுத்துல எழுதித் தந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அண்ணன் எங்கள் பிரதியைப் பையிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். மலைச்சாமி படித்தார். திருப்பினார், அட்டை வந்தது. மறுபடி முன்னால் வந்து படித்தார். தான் எழுதியதுதானே, தனக்குத் தெரியாதா என்று அவரும் இதுவரை கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்க் கட்டுக் கட்டாக இருந்த பிரதிகளைப் பிரித்தோம். எல்லாமே நூற்று நாற்பத்து நான்கு. அந்த முப்பது பேரும் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்க ஆரம்பித்தது. பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீங்க, சார்?"

"நான் படிக்கலண்ணே. படிக்காமலே எழுதிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுருங்க."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வீட்டு அம்மா கொடுத்த மோர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைச்சாமி பிரித்த பிரதிகளை ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் திரும்ப அடுக்கினார். அண்ணன் தபால் கார்டை எடுத்து நீட்டினார். ஒருத்தர் கடைசிவரை படித்திருக்கிறார், தண்ணீர் வந்ததா என்று கேட்டு எழுதியிருக்கிறார் என்றார். மலைச்சாமி கார்டை வாங்கி மெதுவாகப் படித்தார். "இத நான் வச்சுக்கிறவா?" என்று கேட்டார். உறையிலிருந்த என் தாளை உருவி எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கார்டை அதற்குள் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாளை வாங்கிய என் கை கூசியதை இப்போதும் மறக்க முடியவில்லை.

அச்சகத்தில் விசாரித்தால், தைக்காமல் விட்ட பாரங்கள் பழைய காகிதமாக எடைக்குப் போய்விட்டிருந்தன. மலைச்சாமியின் கையெழுத்து நோட்டைப் பார்த்து அந்தப் பதினாறு பக்கங்களை நானே அடித்தேன். அண்ணன் தளத்திலும் கதவிலும் ஒரு அறிவிப்பு எழுதினார். 'இந்த நாவலின் முடிவைப் படிக்காமலே புகழ்ந்து எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது. புத்தகம் வைத்திருப்பவர்கள் முகவரி எழுதினால் விடுபட்ட பதினாறு பக்கங்கள் வீடு தேடி வரும் - கோ.' முதல் பிரதி சோழவந்தானுக்குப் போனது. அண்ணனே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ராஜாங்கத்தைத் தவிர ஏழு பேர் முகவரி எழுதினார்கள். "எட்டுப் பேரு கடைசி வரைக்கும் வந்திருக்காங்க சார்" என்று மலைச்சாமி போனில் சந்தோஷமாகச் சொன்னார் என்று அண்ணன் வந்து சொன்னார். அவர் குரலிலும் அதே சந்தோஷம் இருந்தது.

அண்ணனுக்குக் கிடைத்தது 'கடைசிப் பாரம்' என்ற பட்டம். வாசகர் கூட்டங்களில் அவர் பேச எழுந்தாலே பின்வரிசையிலிருந்து, முழுசாப் படிச்சாச்சா அண்ணே என்று குரல் வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு புது விதி கொண்டுவந்தார். ஒவ்வொரு குறிப்பும் புத்தகத்தைப் படித்து முடித்த இடத்தோடுதான் தொடங்க வேண்டும். 'சோழவந்தானில், டாக்டர் குளிக்கப் போயிருந்தபோது முடித்தது.' 'மேலூர் ரோட்டில் பஞ்சர் கடையில் முடித்தது.' தளத்துக்கு வந்த பலர் அந்த முதல் வரிக்காகவே வந்தார்கள். அது உண்மையில் யாரால் வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பத்மா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலின் முதல் பத்துப் பக்கத்தைப் படித்தேன், கடைசிப் பதினாறு பக்கத்தை அடித்தேன். நடுவில் இருந்ததைப் படிக்கவே இல்லை. எடுத்தால் மோர்ச் செம்பு ஞாபகம் வந்துவிடும், வைத்துவிடுவேன். இது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடைக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்தி, "கிணறு எம்புட்டு ஆழம் போயிருக்கு மேடம்?" என்பார். இன்னும் மேல்மண்ணுதான் அள்ளிக்கிட்டு இருக்காங்கண்ணே என்பேன். சரி என்று பையைத் திறந்து புதிய தாள்களை மேஜைமேல் வைப்பார். அவர் என்னைத் தண்டித்தது அவ்வளவுதான்.

வலைப்பூக்கள் வந்த பிறகு எங்கள் தளத்துக்கு ஆள் குறைந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அண்ணன் நிறுத்தவில்லை. போன மாதம்கூட மூன்று தாள் கொண்டுவந்தார். ஒன்றின் அடியில் அல்சர் மாத்திரையின் பெயர் இருந்தது. அவற்றை இன்னும் ஏற்றவில்லை. ஏற்றுவேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கிணற்று நாவலின் எங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறினேன். ராஜாங்கத்திடம் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பழைய கதையையும் சொன்னேன். முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். "அவர் வந்து பக்கங்களைக் குடுத்த அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம்மா. கொடிக்கால் ஓரத்துல உட்கார்ந்து, குடுக்குறதுக்கு முந்தி ஒரு தடவ படிச்சுக்கிறேன்னாரு. படிச்சிட்டு அழுதாரு. அப்படிப்பட்ட ஆளு படிக்காம எழுதுவாரா?" என்றார். நாலு வெற்றிலையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அங்கிருந்து அண்ணன் வழக்கமாகக் காத்திருக்கும் டாக்டர் வீட்டுக்குப் போய், சுவரோரத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கம்பவுண்டர் இரண்டு தடவை வந்து டோக்கன் வாங்கலையா என்று கேட்டார். டாக்டரைப் பார்க்க வரவில்லை என்றேன். டை கட்டிய ஒரு மருந்துக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன புத்தகம் என்று எட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்து நான்கு வந்தது. அதற்குப் பின்னால் அண்ணன் தன் கையால் ஒட்டிய பதினாறு பக்கங்கள், ஓரம் கொஞ்சம் கோணலாக. அவற்றையும் படித்தேன். இந்த முறை நிஜமாகவே கண் கலங்கியது.

நேற்று தளத்தில் அந்தப் பழைய அறிவிப்பை எடுத்துவிட்டேன். கதவிலும் புதிய தாள் ஒட்டிவிட்டேன். அதில் இருப்பது இதுதான்: 'சோழவந்தானில், கோவர்த்தனன் காத்திருந்த பெஞ்சில் முடித்தது. முன்பு இதைப் படிக்காமலே எழுதியது நான், அவர் அல்ல. யாருக்கு ஆகும்: கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தவர்கள் எல்லாருக்கும். யாருக்கு ஆகாது: அவசரக்காரர்களுக்கு - வி.'

அவரை அறிந்தவர்களே, இனி அந்தப் பட்டப்பெயரை யாராவது சொன்னால், அது என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோணல் ஓரம் உள்ள புத்தகமும், எட்டு வருஷமாக நான் சரியான பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியும். தண்ணீர் வந்ததா என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது அவர் வைத்த விதி. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தெட்டு அடி போயிருக்கு அண்ணே. முழுசாப் படிச்சுட்டேன்.